ஐம்பது டிகிரியில் மணல்

மணல் உதிரவில்லை.

உஷாவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இருபத்தொரு வருஷமாக அவள் பார்த்துவரும் மணல், தட்டினால் உதிர்கிற மணல். ஷியர் பாக்ஸைப் பிரித்து, ஷீட்டை எடுத்து, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அத்தனையும் தாம்பாளத்தில் கொட்டிவிடும். ஷீட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இன்றைக்கு என்னடாவென்றால், தட்டினாள், உதறினாள், பிரஷ்ஷால் தேய்த்தும் பார்த்தாள். கறுப்பு ஷீட்டின் மேல் பத்துப் பதினைந்து மணல்கள் அசைவேனா என்று உட்கார்ந்திருந்தன.

புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ஒரு மணலை நெம்பினாள். அது துள்ளிப் போய் விழுந்தது. அது இருந்த இடத்தில் ஒரு குழி. குழிக்குப் பின்னால் ஒரு கோடு. ஷீட்டை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தபோது, ஒரு கோடு அல்ல, ஷீட் முழுக்கக் கோடுகள். வெண்ணெயில் சீப்பை வைத்து இழுத்தது போல, எல்லாம் ஒரே திசையில், ஒன்றை ஒட்டி ஒன்று. உஷா கட்டைவிரல் நகத்தை வைத்து குறுக்கே இழுத்தாள். நகம் தடதடவென்று ஏறி இறங்கியது.

 அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

இதில் அப்படி அதிர்ந்துபோக என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். ஒரு கைக்குட்டை அளவு பிளாஸ்டிக் ஷீட்டில் கீறல். அவ்வளவுதானே. அது ஏன் அவ்வளவுதான் இல்லை என்று புரிய, உஷா யார், அவள் பிழைப்பு என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பெங்களூர் அடுகோடியில் லேத் பட்டறைகளுக்கும் ஒரு மாவு மில்லுக்கும் நடுவே மாடியில் இருக்கிறது அந்த மண் பரிசோதனைக் கூடம். முதலாளி ஆராவமுதன். வேலைக்காரர்கள் என்று பார்த்தால் உஷாதான் முக்கால்வாசி. கழிவுநீர்க் குட்டைகள், குப்பைக் கிடங்குகள் இவற்றின் அடியில் விஷம் பூமிக்குள் இறங்காமலிருக்கத் தடிமனான கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிப்பார்கள். அந்த ஷீட்டின் மேல் போடுகிற மண் சரிவில் நிற்குமா, வழுக்கிக்கொண்டு போகுமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் உஷாவின் வேலை. ஷியர் பாக்ஸ் என்பது இரண்டு பாதியாகப் பிரியும் ஓர் இரும்புப் பெட்டி. கீழ்ப் பாதியில் ஷீட், மேல் பாதியில் மணல், மணலின் தலையில் எடைக்கல். மோட்டாரைப் போட்டால் மேல் பாதி மெல்ல நகரும். எவ்வளவு இழுத்தால் நகருகிறது என்று மீட்டர் சொல்லும். அந்த நம்பரை எழுதி, கீழே 'பரிசோதித்தவர்: உஷா' என்று கையெழுத்துப் போடுவாள்.

அல்சூர்க்காரி. தாத்தா காலத்திலேயே இங்கே வந்து வேரூன்றிய குடும்பம். அப்பா பொதுப்பணித் துறையில் குமாஸ்தாவாக இருந்தார். டிப்ளமா சிவில் படித்த மகள், கட்டடம் கட்டுகிற இடத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்கப் போகிறேன் என்றபோது அவர் ஒரே போடாகப் போட்டார்: "வெயில்ல நின்னு கறுத்துப் போறதுக்கா படிச்சே? நிழல்ல ஒரு வேலை பாரு." நிழலில் கிடைத்தது இது. நிழல் என்றால் சாதாரண நிழலா? ஏசி நிழல். சோதனைகள் எல்லாம் ஒரே வெப்பத்தில் நடக்க வேண்டும் என்பது ஆராவமுதனின் கட்டளை. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் இருபத்தொரு டிகிரி. உஷா ஏப்ரல் மாதத்தில்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் மணல் அளப்பாள். வீட்டில் கணவர் சுந்தரராமனும் மகள் ஸ்னேஹாவும் இதை வைத்து அவளைக் கேலி செய்யாத நாளில்லை.

கெட்டிக்காரி என்று அவளுக்குப் பெயர். எடையில் அரை கிராம் பிசகாது. ஆனால் அவளோ, ஆராவமுதனோ, இத்தனை வருஷத்தில் ஒருவருமே செய்யாத காரியம் ஒன்று இருந்தது. சோதனை முடிந்த ஷீட்டின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. நம்பர் வந்துவிட்டது, எழுதியாகிவிட்டது, இனி அது குப்பை. இலையில் சாப்பிட்டு முடித்தபின் இலையை யார் ஆராய்ச்சி செய்வார்கள்?

அத்திபெலேயைத் தாண்டி ஒரு பெரிய குட்டை வெட்டி, ஷீட் விரித்து, எல்லாம் முடிந்து, வருகிற திங்கட்கிழமை தண்ணீர் விடப்போகிறார்கள். தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் அல்ல. முலாம் பூசும் பட்டறைகள் கழித்துவிடுகிற பச்சை நீர். அந்தக் குட்டைக்கான மண் சோதனையை உஷா எப்போதோ முடித்துக் கொடுத்துவிட்டாள். கடைசி நேரத்தில், காகிதங்களைச் சரிபார்த்த யாரோ ஒரு ஆலோசகர் கடிதம் போட்டிருந்தார். வெயிலில் அந்த ஷீட் அறுபது டிகிரி தாண்டிச் சுடுகிறதாம். அதனால் ஐம்பது டிகிரியிலாவது ஒரு சோதனை செய்து நம்பர் கொடுங்கள் என்று. உஷா சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். ஷீட்டுக்கு ஜுரமா என்று கேட்டுக்கொண்டே, பெட்டியின் அடியில் ஒரு ஹீட்டர் தகட்டை வைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, மோட்டாரைப் போட்டாள். அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்த நம்பரைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம்கூட. பிடிப்பு கூடியிருந்தது. பாயிண்ட் நான்கு வருகிற இடத்தில் பாயிண்ட் நான்கு ஏழு. மண் இன்னும் நன்றாக நிற்கும்.

பிறகுதான் மணல் உதிராமல் போனது.

ஸ்டூலிலிருந்து எழுந்து, அவள் செய்த முதல் காரியம் எந்தக் கெட்டிக்காரியும் செய்கிறதுதான். அதே ரோலிலிருந்து இன்னொரு துண்டு ஷீட் வெட்டினாள். அதே சாக்கிலிருந்து அதே மணல். அதே எடைக்கல். ஹீட்டரை மட்டும் எடுத்துவிட்டு இருபத்தொரு டிகிரியில் ஓட்டினாள். பிரித்தாள், தட்டினாள். மணல் சலசலவென்று உதிர்ந்தது. ஷீட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மயிரிழைக் கோடு, அதுவும் தேடினால்தான். நகம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு ஷீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று கடையில் வாங்கிய மாதிரி. இன்னொன்று பூனை பிறாண்டிய மாதிரி.

அப்போதுதான் அந்த நம்பரின் யோக்கியதை அவளுக்கு விளங்கியது. சூட்டில் ஷீட் இளகிவிடுகிறது. கூரான மணல் அதற்குள் இறங்கி உழுகிறது. உழுதுகொண்டு போவதற்கு அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நம்பர் ஏறுகிறது. ஷீட் அழிகிற அழிவைத்தான் மீட்டர் நல்ல பிடிப்பு என்று காட்டியிருக்கிறது. ஒசந்த நம்பர் வந்தால் சந்தோஷப்பட்டு, அடிக்கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டவள் அவள். தன் கையை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

தடிமன் பார்க்கும் டயல் கேஜை வைத்து அளந்தாள். ஒன்றரை மில்லிமீட்டர் ஷீட். ஆழமான கோட்டில் நூறில் ஆறு பங்கு மில்லிமீட்டர் போயிருந்தது. ஒரே ஒரு இழுப்புக்கு. அதுவும் கட்டைவிரல் நீளம்தான் பெட்டி நகர்ந்திருக்கிறது. இதையே ஆயிரம் தடவை தேய்த்தால்? கணக்குப் போட ஆரம்பித்த கை பாதியில் நின்றது. தலைக்குள் ரத்தினம்மாளின் கால்கள் வந்துவிட்டன.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரல். அதே அத்திபெலே குட்டை. ஷீட் துண்டும் மண்ணும் எடுத்துவர உஷா போயிருந்தாள். அவளுக்கு வெயிலைப் பார்க்கக் கிடைக்கிற சந்தர்ப்பமே இந்த மாதிரிப் பயணங்கள்தான். சரிவில் ஷீட் விரித்துக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த பன்னிரண்டு பெண்கள், அவர்களுக்குத் தலைவியாக ரத்தினம்மாள். சூப்பர்வைசர் ஒரு சட்டம் போட்டிருந்தான். ஷீட்டின் மேல் யாரும் செருப்புப் போடக் கூடாது. செருப்பில் சிக்கிய கல் ஷீட்டைக் கிழித்துவிடுமாம். ஷீட்டுக்கு வலிக்கக் கூடாது, மனுஷிக்கு வலிக்கலாம் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். மதியம் ஒரு மணி வெயிலில், கறுப்பு ஷீட்டின் மேல், அந்தப் பெண்கள் வெறுங்காலோடு குதித்துக் குதித்து நடந்துகொண்டிருந்தார்கள். ரத்தினம்மாள் ஓரமாக வந்து உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள். கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது.

உஷாவுக்கு வந்த கோபம் அவளே எதிர்பார்க்காதது. நேராக அந்த சூப்பர்வைசரிடம் போனாள்.

"ஏன் சார், ஒரு பாதை மாதிரி மணல் கொட்டி அதுமேல நடக்க விடக் கூடாதா? கால் வெந்துபோய் கெடக்குது, கண்ணு தெரியலயா?"

"மணல் ஷீட்டைக் கீறிடுமே மேடம்."

"யாரு சொன்னா? நான் சொல்றேன், கீறாது. பத்தொம்போது வருஷமா இதே ஷீட்டை இதே மணல்ல தேய்ச்சுட்டிருக்கேன். ஒரு கோடு விழுந்ததில்ல. லேப் மேடம் சொன்னாங்கன்னு எழுதிக்கோங்க."

லேப் மேடமே சொன்ன பிறகு அப்பீல் ஏது? அரை மணி நேரத்தில் சரிவின் மேலிருந்து கீழ்வரை, இரண்டு விரல் தடிமனுக்கு மணல் பாதை போட்டார்கள். ரத்தினம்மாள் அதில் நடந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து உஷாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அன்று முழுக்க உஷா தரையில் நடக்கவில்லை. நம்பர் எழுதியே கழிந்த வாழ்க்கையில், ஒரு மனுஷிக்கு உபயோகமாக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று இருந்தது. சுந்தரராமனிடம் மூன்று முறை சொன்னாள். அந்த வேலை அப்புறம் ஏதோ அனுமதிச் சிக்கலில் நின்றுபோய், இந்த வருஷம் பிப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. அப்போது போனபோதும் ரத்தினம்மாளின் குழு அதே மணல் பாதையில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அங்கிருந்தே கையாட்டினாள். உஷாவும் பெருமையாகக் கையாட்டிவிட்டு வந்தாள்.

பன்னிரண்டு பேர். தலையில் சுமை. அறுபது டிகிரி சூட்டில் இளகிக் கிடக்கிற ஷீட். சரிவில் இறங்கும்போது கால் சறுக்குமே, அப்போது மணல் எப்படித் தேய்க்கும்? இரும்புப் பெட்டியும் எடைக்கல்லும் எந்த மூலைக்கு? ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, நடுவெயிலுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறாள்.  குட்டைக்குக் கீழே அரை கிலோமீட்டரில் ஒரு கிராமம், அதன் போர்வெல். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள்.

ஆராவமுதன் அறைக்கு இரண்டு ஷீட்டையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவருக்கு அறுபத்தெட்டு வயசு. நல்ல மனுஷர், கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. நம்பரை மட்டும் பார்த்தார்.

"பேஷ், ஏறியிருக்கே! அந்த ஆலோசகர் வாயை மூடிக்கட்டும். அனுப்பிடு."

"சார், ஏன் ஏறிச்சுன்னு பாருங்க. மணல் ஷீட்டுக்குள்ள எறங்கிடுச்சு. உழுதிருக்கு சார். இதைத் தொட்டுப் பாருங்க."

"அவா கேட்டது நம்பர், உஷா. ஷீட்டோட மூஞ்சி எப்படியிருக்குன்னு கேக்கலையே."

"நாமளும் ஒரு நாள்கூட பாக்கலையே சார்!"

அவள் குரல் உடைந்ததில் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷீட்டை வாங்கினார். நகத்தை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். 

"அந்த உஷ்ணத்துல மண்ணைப் போட்டுத் தேய்ச்சாத்தானே இப்படி ஆகும்? அவாளுக்கென்ன பைத்தியமா, மத்தியானத்துல ஷீட் மேல மண்ணைப் போட்டு மிதிக்கறதுக்கு? ரிப்போர்ட்ல ஒரு வரி சேர்த்துடு. திங்கட்கிழமை போகட்டும்."

இதோ வாயில் வந்துவிட்டது, மிதிக்கச் சொன்னவள் நான்தான் என்று. உஷா வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வந்தது "சரி சார்" மட்டும்தான். இருபத்தொரு வருஷக் கெட்டிக்காரி என்கிற பெயர் அவ்வளவு லேசில் வழிவிடவில்லை. வெளியே வந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவள் ரசத்தை ஊற்றிக்கொண்டு அப்படியே இருந்தாள். சுந்தரராமன் விஷயம் என்னவென்று கேட்டார். சூட்டில் ஷீட் கீறுகிறது என்கிற பாதியை மட்டும் சொன்னாள்.

"அதுக்கு நீ என்ன பண்ணுவே? நீயா கீறினே?" என்றார் அவர், ஆறுதலாக.

உஷா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சனிக்கிழமை காலை ஓசூர் ரோட்டில் பஸ் பிடித்து அத்திபெலேயில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய்ச் சேரும்போது பதினொன்றரை. கைப்பையில் டயல் கேஜ். குட்டை கண்ணுக்கெட்டிய தூரம்வரை கறுப்பாக, கண்கூசும்படி பளபளத்தது. அந்தப் பளபளப்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு சாம்பல் நிறக் கோடு. மணல் பாதை. அடியில் பெண்கள் கடைசிக் குப்பையைப் பெருக்கி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பழைய சூப்பர்வைசர் போய், ஜனவரியில் ஜாய்சன் என்பவர் வந்திருந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"என்ன மேடம், ரிப்போர்ட் மெயில்ல அனுப்பினா போதுமே. இந்த வெயில்ல நீங்க ஏன்?"

"அந்த மணலைக் கொஞ்சம் பெருக்கச் சொல்லுங்க. ஷீட்டைப் பாக்கணும்."

"எப்படியும் நாளைக்குப் பெருக்கத்தான் போறோம்."

"இப்ப பெருக்கணும் சார். தயவு பண்ணி."

ரத்தினம்மாளும் இன்னொரு பெண்ணும் ஓடிவந்து துடைப்பத்தால் பெருக்கினார்கள். மேல் மணல் போனது. கீழ் மணல் போகவில்லை. உஷாவுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மண்டியிட்டாள். முழங்காலில் சூடு புடவையைத் தாண்டி ஏறியது. ஜாய்சன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து ஊற்ற, அழுக்கு வழிந்து ஷீட் தெரிந்தது.

அதை ஷீட் என்றே சொல்ல முடியாது. பளபளப்பு செத்து, சொரசொரவென்று, கோட்டின் மேல் கோடாக, வெட்டின் மேல் வெட்டாக, உள்ளே புதைந்த மணலோடு ஒரு தடம். லேபில் பார்த்தது இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. ஷீட்டின் மேல் ஓரத்தைத் தூக்கி, கேஜைக் கவ்வவைத்து அளந்தாள். ஒன்று புள்ளி ஒன்று. இன்னும் கீழே, சரிவு முடிந்து காலைத் திருப்புகிற இடத்தில், ஷீட்டை மடித்துப் பிடித்து, இரண்டு அடுக்கின் அளவைப் பாதியாக்கியபோது வந்தது பாயிண்ட் ஏழு. ஒன்றரையில் பாதிகூட இல்லை.

"ஐயோ கர்த்தரே" என்றார் ஜாய்சன். அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நெற்றி வியர்வை ஷீட்டில் சொட்டியது. சட்டென்று எழுந்து பெண்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"யாரு இங்க மண்ணு கொட்டி நடக்கச் சொன்னது? நான் வரும்போதே இந்தப் பாதை இருந்துச்சே! யாரு வேலை இது?"

பெண்கள் அப்படியே நின்றார்கள். ரத்தினம்மாள் உஷாவின் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"நாங்களாத்தான் போட்டோம் சார். கால் சுட்டுச்சு, அதான் போட்டுக்கிட்டோம். யாரும் சொல்லல."

 தன்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய் என்று உஷாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. ஆராவமுதனிடம் திறந்து மூடிய வாய், சுந்தரராமனிடம் மூடியே இருந்த வாய். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"பொய் சொல்றாங்க சார். நான்தான் சொன்னேன். மணல் கீறாதுன்னு லேப் பேரைச் சொல்லி நான்தான் போடச் சொன்னேன். ஏசி ரூம்ல கீறல, அதை வெச்சு இங்கயும் கீறாதுன்னு சொல்லிட்டேன். இவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

ஜாய்சன் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறிப் போனார். "நீரு பிடபேடி! சோமவாரா நீரு பிடபேடி!" என்று, திங்கட்கிழமை தண்ணீர் விடாதே என்று, அவர் யாரிடமோ கன்னடத்தில் கத்துவது குட்டை முழுக்கக் கேட்டது. பாதை நெடுக ஷீட்டை வெட்டி எடுத்துப் புதுசு ஒட்ட வேண்டும், பத்து நாளாவது ஆகும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தப்பித்தது. கீழே இருக்கிற கிராமம் தப்பித்தது. உஷா அந்தச் சுடுகிற ஷீட்டிலேயே உட்கார்ந்தாள். ரத்தினம்மாள் தன் தலைத்துண்டை உருவி மடித்து, அவளை எழுப்பி, அதன்மேல் உட்காரவைத்தாள்.

"ஏம்மா நீங்க வாயைத் தொறந்தீங்க? எங்களைத் திட்டுனா திட்டிட்டுப் போறான், எங்களுக்கு என்ன புதுசா? உங்க பேரு கெட்டுப்போகலாமா?"

"என் பேருல என்ன இருக்கு ரத்தினம்மா."

"அப்படிச் சொல்லாதீங்க. எங்க ஜனத்துல உங்க பேரு தெரியாத ஆளு இல்ல. எங்க வேலைக்குப் போனாலும் மொதல்ல 'உஷாம்மா மண்ணு' போட்டாத்தான் ஷீட்டுல கால வைப்போம். லேப்ல பெரிய மேடம் சொன்னது, மணல் கீறாதுன்னு நான்தான் எல்லா சூப்பர்வைசருக்கும் சொல்லுவேன். ஒருத்தனும் மறுக்கல. மத்த செட்டு பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டேன். ரெண்டு வருசமா யாருக்கும் கால் வேகல."

உஷா அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்தது நன்றி. கலப்படமில்லாத நன்றி.

"மத்த வேலைன்னா... இந்தக் குட்டை நின்னு கெடந்தப்போ வேற எங்க போனீங்க?"

"எங்கெல்லாமோ போனோம்மா. ஓசூருக்கு அந்தாண்ட ரெண்டு குட்டை. மாலூர்ல ஒண்ணு, குப்பைக் கிடங்கு. ஆனேக்கல் பக்கம் ஒண்ணு. அப்புறம் சூளகிரில பெருசா ஒண்ணு போட்டோம், அதுல நாலு மாசம் வேலை, பங்குனி சித்திரை வெயிலு, உங்க மண்ணு மட்டும் இல்லன்னா செத்திருப்போம். எல்லாம் எப்பவோ தண்ணி விட்டு ரொம்பிடுச்சு. சூளகிரில வேலை செய்யும்போதுதாம்மா, அங்க கீழ ஊருல ஒரு நல்ல பையன் இருக்கான்னு, எம் பொண்ணு தர்ஷினிய..."

அவள் பேச்சு மெதுவானது. பேசும்போதே அவள் கை, பெருக்கிய தடத்தின் மேல், சொரசொரப்பில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. இப்போது அந்தக் கை நின்றுவிட்டது. அவள் குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு ஷீட்டைப் பார்த்தாள்.

"கலியாணம் முடிஞ்சு அங்கதான் இருக்கா. வீட்டு வாசல்லயே போர் பம்பு. நல்ல தண்ணின்னு சொல்லுவா."

கரைமேல் ஜாய்சன் இன்னும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மற்றப் பெண்கள் தள்ளி நின்று இவர்களைப் பார்த்தார்கள். ரத்தினம்மாள் உஷாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது.

"உஷாம்மா, அங்கயும் இப்படித்தான் இருக்குமா?"

எதைக் கேட்டாலும் சோதனை செய்து பார்க்காமல் பதில் சொல்லாதவள் உஷா. ஒரே ஒருமுறைதான், மணல் கீறாது என்று, அப்படிச் சொல்லியிருந்தாள்.

"இருக்கும்" என்றாள்.